மீதி ஒன்பது நிமிடம்

வட நோர்வே,
12 ஜூன் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுபா எழுதுகிறேன். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். நிச்சயமாகத் தெரிந்திருந்தால் எழுதவே தேவை வந்திருக்காது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக உங்கள் போன் வேலை செய்யவில்லை. எடுத்தால் ஒரு பெண் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் ஏதோ சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறாள். பக்கத்து வீட்டு ஸ்ரெல்லா அக்காவுக்கு எடுத்துக் கேட்டேன். "கொண்ணை நேற்றும் சைக்கிளிலை போனவர், பாத்தனான். ஆனா முந்தி மாதிரிக் கதைக்கிறேல்லை" என்றார். அதைக் கேட்ட பிறகு எனக்கு நித்திரை இல்லை.

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது கல்யாணமாகி இங்கே வந்த புதிதில். இப்போது இந்த ஊரில் தபாலகம்கூட இல்லை. பலசரக்குக் கடையின் மூலையில்தான் முத்திரை விற்கிறார்கள்.

மீன் தொழிற்சாலையில் வேலை வழக்கம்போலத்தான். இந்த மாதம் சூரியன் மறைவதே இல்லை. சீலையை மடித்து யன்னலை மூடிவிட்டுப் படுக்கிறோம். இவரும் சுகம். வேலைதான் கூடிவிட்டது.

உடனே பதில் போடுங்கள். இரண்டு வரி போதும்.

அன்புத் தங்கை,
சுபாஜினி


பண்டத்தரிப்பு,
5 ஜூலை 2024

அன்புத் தங்கை சுபாவுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. தபால்காரருக்கே அதிசயம். "வெளிநாட்டுக் கடிதம் குடுத்துக் கனகாலம்" என்று சொல்லி இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தந்தார். நான் நலம். பயப்பட ஒன்றுமில்லை. வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போது போன் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. புதிது வாங்க இன்னும் மனம் வரவில்லை. நீ அனுப்ப வேண்டாம்.

மானிப்பாயில் பயிர் மருந்துக்கடை வேலை நடக்கிறது. இந்த முறை வெங்காயத்துக்கு நோய் கூட, அதனால் கிருமிநாசினி கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். உதைபந்தாட்டச் சம்பள லீக்கும் மே மாதத்தோடு முடிந்தது. கடைசிப் போட்டிக்கு என்னைத்தான் நடுவராகப் போட்டார்கள். அதுவும் முடிந்தது.

ஸ்ரெல்லா அக்கா சொல்வதைப் பெரிதாக எடுக்காதே. நான் எப்போது அதிகம் கதைத்தேன்?

மச்சானைச் சுகம் கேட்டதாகச் சொல்லு. குளிர் உடுப்பைக் கவனமாகப் போட்டுக்கொள்.

அண்ணை,
மயூரதன்


வட நோர்வே,
30 ஜூலை 2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் உடம்பும் மனமும் நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் மானிப்பாய்ப் பெடியன் ஒருவன் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். தேநீர் நேரத்தில் ஒரு வீடியோவைக் காட்டினான். "அக்கா, இந்தக் கள்ள றெபறியைப் பாருங்கோ. மன்னார் ரீமிட்டைக் காசு வாங்கிக்கொண்டு ஒன்பது நிமிஷம் முந்தி விசில் ஊதினவன்" என்றான். சனம் ஓடி வருகிறது. இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவில் ஒருவர் தலையைக் குனிந்தபடி போகிறார். அந்த நடையை எனக்குத் தெரியாதா? கீழே நூற்றுக்கணக்கான பேர் எழுதியிருந்தார்கள். எழுதியவற்றை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

அது என் அண்ணை என்று நான் அவனிடம் சொல்லவில்லை. எழும்பிப் போய்க் கையைக் கழுவினேன். அதுதான் இன்னும் மனதை அரிக்கிறது.

என்ன நடந்தது? கிணறு, வெங்காயம் எல்லாம் வேண்டாம்.

நாங்கள் வீடு மாறிவிட்டோம். பழைய வீடு சரியான குளிர். புது விலாசம் பின்னால் இருக்கிறது.

உங்கள் பதிலுக்கு ஏங்கும்,
சுபா


பண்டத்தரிப்பு,
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சுபா,

நீ சுகமாக இரு. எனக்காக அழாதே. உனக்கு நான் பொய் எழுதினேன். போன் அலுமாரிக்குள் உடுப்புகளுக்குக் கீழே கிடக்கிறது. கனடா, பாரிஸ், லண்டன் என்று எங்கிருந்தெல்லாமோ எடுத்துத் தூஷணம் பேசினார்கள். செத்துப்போன அம்மாவையும் இழுத்தார்கள். அதோடு நிறுத்தினேன்.

நடந்தது இதுதான். வலிகாமம் றோயல்ஸ் மன்னார் அணிக்கு மூன்று புள்ளி பின்னால் நின்றது. மன்னார் தன் போட்டிகளை முடித்துவிட்டது. றோயல்ஸுக்கு ஒரு போட்டி மீதி. அதை வென்றால் புள்ளி சமம், பதின்மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றால் கிண்ணமும் அவர்களுக்கு. எதிரே நின்றது தென்மராட்சி ஸ்ரார்ஸ். அந்தக் கழகத்தை நடத்தியவர் பாதிப் பருவத்திலேயே கைவிட்டுவிட்டார். சம்பளத்துக்கு வந்த நல்ல ஆட்டக்காரர்கள் வேறு கழகங்களுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது சாவகச்சேரிப் பக்கத்துப் பெடியள் பதினொரு பேர்தான். மாற்று ஆள் ஒருவரும் இல்லை. இரண்டு பேர் கால் பிசகி வெளியே போக, ஒன்பது பேர் நின்றார்கள்.

கோல் விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு கோலுக்கும் ஒலிபெருக்கியில் பாட்டு. ஏழுக்குப் பிறகு அறிவிப்பாளன் ஏலம் போடத் தொடங்கினான். "எட்டு ஒருதரம், எட்டு இரண்டுதரம், ஒன்பது கேக்கிறது ஆர்?" சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பத்தாவதை அடித்தவன் பந்தைக் கோல் கோட்டில் நிறுத்தி, முழங்காலில் இருந்து, தலையால் தட்டிவிட்டான். அவனுக்கும் கைதட்டல்.

தென்மராட்சிக் கோல் காப்பாளனின் பெயர் ஜெனுஷன். ஒரு விரல் பிசகி வீங்கியிருந்தது. பன்னிரண்டாவது விழுந்த பிறகு அவன் எழும்பவில்லை, கம்பத்தில் சாய்ந்து இருந்தான். நான் கிட்டப் போய், "ஏலுமோ தம்பி?" என்றேன். அவன் எழும்பிக் கையுறையை இழுத்துவிட்டான். என் கடிகாரத்தில் எண்பத்தொரு நிமிடம். "பதின்மூண்டு! பதின்மூண்டு!" என்று ஒலிபெருக்கி கத்துகிறது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. மூன்று முறை நீளமாக ஊதிவிட்டேன்.

விசாரணையில் கடிகாரம் பிழைத்து ஒன்பது நிமிடம் முந்தி ஓடிவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வருடத் தடை. காசு வாங்கவில்லை என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. நான் வாங்கவில்லை, சுபா.

கடை முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என்னை முன்மேசையிலிருந்து எடுத்து, பின்னால் உரமூட்டை அடுக்குகிற இடத்தில் விட்டிருக்கிறார். காலையில் போய்ப் பின்னேரம் வரும்வரை ஒருவரோடும் ஒரு சொல் கதைக்காத நாட்களும் உண்டு.

புது விலாசத்தில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மச்சானின் பெயரை எழுத மறந்துவிட்டாயா?

அன்புடன்,
அண்ணை


வட நோர்வே,
17 செப்டெம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நான் நலம். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது. நீங்கள் செய்தது பிழை என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன். அடி வாங்குகிறவனுக்காக ஒருவர் "காணும், நிப்பாட்டு" என்று சொல்ல வேண்டும். அந்த விசிலைக் கேட்டதும் அந்தப் பெடியனுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! சிலருக்கு அப்படி ஊத ஒருவரும் இல்லை.

மானிப்பாய்ப் பெடியனிடம் சொல்லிவிட்டேன், அது என் அண்ணை என்று. அவன் முகம் கறுத்துப்போனது. இப்போது வேறு மேசையில் இருந்து தேநீர் குடிக்கிறான்.

இங்கே இருட்டு மெல்ல மெல்லக் கூடுகிறது. வேறு புதினம் இல்லை.

உங்கள் தங்கை,
சுபா


பண்டத்தரிப்பு,
9 ஒக்டோபர் 2024

அன்புள்ள சுபா,

இது உன்னை நல்ல சுகத்தோடு காணட்டும். எழுத இரண்டு விஷயம் இருக்கிறது. இரண்டும் மனதைக் கலக்கியவை.

போன கிழமை ஜெனுஷன் கடைக்கு வந்தான். சாவகச்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான். விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்து நான் ஸ்ரூலை இழுத்துப் போட்டேன். அவன் இருக்கவில்லை.

"அண்ணை, கடிகாரம் பிழைச்சதெண்டு எழுதிக் குடுத்திருக்கிறியள். உண்மையோ?"

"ஓம்" என்றேன்.

"பொய். நான் உங்கடை முகத்தைப் பாத்தனான்."

அவன் தொடர்ந்தான். "நாங்கள் ஒன்பது பேர் நிண்டனாங்கள். ஒருத்தன்கூட ஏலாதெண்டு சொல்லேல்லை. நீங்கள் ஏலுமோ எண்டு கேட்டியள், நான் எழும்பிக் கிளவுஸை இழுத்துவிட்டனான். அது உங்களுக்கு விளங்கேல்லையோ?"

"உன்னைப் பாத்துக்கொண்டு நிக்க என்னாலை ஏலாமல் போச்சுத் தம்பி."

"அப்ப நீங்கள் உங்களுக்காண்டித்தான் ஊதினியள்."

சொல்லிவிட்டு உரமூட்டைகளின் பக்கம் திரும்பினான். "பன்னிரண்டு அடிச்சதை ஊர் மறந்திடும் அண்ணை. பாவம் பாத்து விட்டதை மறக்காது. றோட்டிலை போனா 'ஒன்பது நிமிஷம் வாறான்' எண்டு சொல்லிறாங்கள்." அவ்வளவுதான். தேத்தண்ணியும் குடிக்கவில்லை.

றோயல்ஸின் முறைப்பாட்டில் லீக் முடிவு சொல்லிவிட்டது. விட்ட இடத்திலிருந்து மீதி ஒன்பது நிமிடத்தையும் விளையாட வேண்டும். மழை முடிந்து, ஜனவரி 11. தென்மராட்சிக்காரர் வர மாட்டார்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இன்னொருவரின் கிண்ணத்துக்காக எவன் வந்து நிற்பான்?

இரண்டாவது விஷயம். சின்னம்மாவின் மகள் சுவர்ணா ஒஸ்லோவிலிருந்து கோயிலுக்கு வந்திருந்தாள். மச்சான் சுதாகரன் அங்கே தனியாக வீடு எடுத்து இருப்பதாகச் சொன்னாள். மாதக்கணக்காகிவிட்டதாம். எனக்கு ஏன் சொல்லவில்லை? சரி, அதை விடு. நீ வந்துவிடு. அந்த இருட்டுக்குள் தனியாக இருந்து என்ன செய்யப் போகிறாய்? விமான ரிக்கெற் நான் அனுப்புகிறேன். கிழக்கு அறையை வெள்ளையடிக்க ஆளைப் பிடித்துவிட்டேன்.

உடனே எழுது.

அண்ணை


பண்டத்தரிப்பு,
20 நவம்பர் 2024

அன்புள்ள சுபா,

சுகமாக இருக்கிறாயா? என் கடிதம் கிடைத்ததா? ஆறு கிழமையாகிவிட்டது.

இங்கே விடாத மழை. வயல் வெள்ளம் றோட்டுக்கு ஏறிவிட்டது. தபால்காரர் வரும் நேரத்துக்கு மதிலடியில் நிற்கிறேன். அவர் தூரத்திலேயே கையை ஆட்டி இல்லை என்கிறார். நேற்று ஆட்டவும் இல்லை, என்னைப் பார்க்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

அறைக்கு வெள்ளையடித்து முடிந்தது.

அண்ணை


வட நோர்வே,
8 டிசெம்பர் 2024

அண்ணைக்கு,

சுகம் கேட்டு இரண்டு கடிதம் போட்டீர்கள். பிந்தியதற்கு மன்னிக்கவும். கோபம் ஆறட்டும் என்று பார்த்தேன். ஆறவில்லை.

நான் எழுதாத ஒன்றை நீங்கள் சுவர்ணாவிடம் கேட்டு அறிந்து, அந்தக் கடிதத்திலேயே எனக்குத் தீர்ப்பும் எழுதி, அறைக்கு வெள்ளையும் அடித்துவிட்டீர்கள். இங்கே உள்ள நாலு தமிழ்க் குடும்பமும் ஆளுக்கொரு சட்டி கறியோடு வந்து "பாவம் பிள்ளை" என்றார்கள். கறியைச் சாப்பிட்டேன். அந்தச் சொல்தான் இறங்கவில்லை. அதற்குப் பயந்துதான் உங்களுக்குச் சொல்லாமல் இருந்தேன். கடைசியில் நீங்களும் அதையே சொன்னீர்கள்.

அந்தப் பெடியனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று எழுதியவளே நான்தான். இப்போது அவன் ஏன் இரண்டு பஸ் மாறி வந்தான் என்று விளங்குகிறது. எனக்கு வேலை இருக்கிறது. ஓர் அறை இருக்கிறது. ஏலாது என்று நான் உங்களிடம் சொன்னேனா? அவனுக்குச் செய்ததை எனக்கும் செய்யாதீர்கள்.

ரிக்கெற் அனுப்ப வேண்டாம்.

மழைக்குள் நனையாதீர்கள். உங்களுக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

சுபா


பண்டத்தரிப்பு,
13 ஜனவரி 2025

அன்புள்ள சுபா,

நீ எழுதியது சரி. நீ நலமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் வழமைபோல எழுதுகிறேன்.

சனிக்கிழமை மைதானத்துக்குப் போனேன். தடை என்பதால் உள்ளே போக முடியாது. வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவன் என்னைக் கண்டு துப்பினான், அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. றோயல்ஸ்காரர் புதுச் சட்டையோடு வந்திருந்தார்கள். மேசையில் கிண்ணம். தென்மராட்சி வராது, கோட்டில் நின்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் அறிவிப்பாளனும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்றரைக்கு ஒரு வான் வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள், பதினொரு பேரும். ஜெனுஷன் கடைசியாக இறங்கினான். அந்த விரலையும் பக்கத்து விரலையும் சேர்த்துக் கட்டியிருந்தான்.

தொடங்கி இரண்டாவது நிமிடமே கோணர் உதையிலிருந்து வந்த பந்தை றோயல்ஸ் தலையால் அடித்தது. பதின்மூன்று. வெடி, மேளம், கொடி எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. பாதிச் சனம் உள்ளே ஓடி வந்துவிட்டது. அவர்களை வெளியேற்றி முடிய, றோயல்ஸ் கப்டன் சிரித்தபடி நடுவரிடம் போய், "காணும் சேர், முடிப்பம். உவங்களும் வீட்டை போகட்டும்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். நடுவர் புதியவர், அவரும் கடிகாரத்தைப் பார்த்துத் தயங்கினார். அதற்குள் ஜெனுஷன் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக்கொண்டு நடு வட்டம் வரை தானே நடந்து வந்தான். பந்தை வைத்துவிட்டுச் சொன்னான்: "இன்னும் ஏழு நிமிஷம் கிடக்கு."

விளையாடினார்கள். றோயல்ஸுக்கு மனம் கிண்ணத்தில். தென்மராட்சி ஒவ்வொரு பந்துக்கும் ஓடியது. ஒருமுறை அவர்கள் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. என்னை அறியாமல் வேலியைப் பிடித்து உலுக்கிவிட்டேன். பிறகு பதினாலாவது கோலும் அவர்களுக்கு விழுந்தது. விழட்டும். தொண்ணூறு நிமிடமும் முடிந்தே விசில் ஊதியது.

ஜெனுஷன் எதிரணியின் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தான். பிறகு வேலியடிக்கு வந்தான். கன்னத்தில் சேறு.

"அண்ணை, இண்டைக்குத்தான் நாங்கள் தோத்தனாங்கள்" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்தேன் சுபா. தோற்றவனின் முகம்தான். ஆனால் நிமிர்ந்த முகம். "கடிகாரம் பிழைக்கேல்லைத் தம்பி" என்றேன். "தெரியும்" என்றான். வானில் ஏறிப் போய்விட்டார்கள். மைதானத்தில் பாட்டுப் போட்டார்கள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். கதைக்க ஒருவரும் இல்லை. வீட்டுக்கு வந்து லீக்குக்கு ஒரு கடிதம் எழுதினேன்: கடிகாரம் சரியாகத்தான் ஓடியது, நான்தான் நிறுத்தினேன் என்று. தடையை நீட்டினாலும் நீட்டட்டும்.

உன்னை வா என்று இனி எழுத மாட்டேன். வீடு இங்கேதான் இருக்கிறது. நடந்ததைச் சொல்ல உனக்கு மனம் வந்தால் சொல்லு. எவ்வளவு நீளமானாலும் இடையில் மறிக்காமல் கேட்பேன்.

போனைத் திறந்துவிட்டேன்.

அண்ணை,
மயூரதன்


வட நோர்வே,
2 பெப்ரவரி 2025

அன்புள்ள அண்ணைக்கு,

போன் திறந்திருக்கிறது என்று தெரிந்தும் நான் எடுக்கவில்லை. கதைக்கத் தொடங்கினால் அழுவேன். நீங்கள் "சரி சரி, விடு" என்பீர்கள். கதை அதோடு நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

இவர் போனது போன வருடம் பெப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை. சண்டை ஒன்றும் இல்லை. வேலை முடிந்து வந்தேன். வாசலில் என் சப்பாத்து வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. மேசையில் அவரின் வீட்டுத் திறப்புக்கொத்து. சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். அந்தப் பானையைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. பதின்மூன்று வருடத்தில் அவர் ஒருநாளும் பானை கழுவியதில்லை.

சில நாள் கழித்து ஒஸ்லோவிலிருந்து எடுத்தார். "நான் இனி வரமாட்டன் சுபா. உன்னிலை ஒரு பிழையும் இல்லை" என்றார்.

"பிழை இல்லாட்டி ஏன்?" என்று கேட்டேன்.

போனை வைத்துவிட்டார். ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேறு ஒருத்தி என்று சுவர்ணா சொல்லியிருப்பாள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

கோடை வரை அந்த வீட்டிலேயே இருந்து பார்த்தேன். இரண்டு பேருக்கான வீடு. ஒரு அறையின் கதவைத் திறப்பதே இல்லை. ஜூலையில் இந்த ஒற்றை அறைக்கு வந்தேன். கீழே பெற்றோல் கடை. தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்குக் காதை மூடிக்கொண்டுதான் வேலை. எட்டு மணித்தியாலம் ஒரு சொல் இல்லை. அறைக்கு வந்து நான் பேசும் முதல் சொல், திறப்பு விழுந்தால் சொல்லும் "அட"தான். சில நாட்களில் அதுவே கடைசிச் சொல்.

இதையும் சொல்ல வேண்டும். முந்தி ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களோடு கதைக்கும்போது குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் எடுப்பேன். "இவர் குளிக்கிறார் அண்ணை" என்பேன். சில நாள் ரீவியைச் சத்தமாக வைப்பேன். வீட்டில் ஆள் இருக்கிறது என்று நீங்கள் நினைக்க வேண்டும். சிலவேளை எனக்கும் அப்படித்தான் இருந்தது.

தடை முடிந்தால் திரும்பவும் மைதானத்துக்குப் போங்கள். லீக் என்ன சொன்னது என்று எழுதுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு நீங்கள் எடுங்கள். உங்களுக்குப் பின்னேரம், எனக்கு மத்தியானம். நான் குழாயைத் திறக்க மாட்டேன். வீட்டில் ஒரு சத்தமும் கேட்காது. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள் அண்ணை. நான் இருப்பேன்.

சுபா